கூட்டிப் பெருக்கிய வண்டி

ஆண்டர்ஸ் விடிந்ததும் எழுந்தான். காபி போட்டான். நாய்க்குத் தீனி வைத்தான். முட்டை பொரித்து, அடுப்பின் முன்னால் நின்றபடியே வாணலியிலிருந்து சாப்பிட்டான். வாணலியைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு பட்டறைக்குப் போய்ச் சாமான்களை எடுத்துக் காரில் வைத்தான். காந்தம், டார்ச், ஜாக்கி, தரையில் படுத்துப் பார்க்க ஒரு பழைய கம்பளம். பழைய வண்டி வாங்கப் போகிற யாரும் எடுத்துப் போகிற சாமான்கள்தான். அவற்றோடு ரப்பர் கையுறையும், வடிகட்டி பொருத்திய முகமூடியும், தண்ணீரில் பிளீச் கலந்த தெளிப்பானும் எடுத்துக்கொண்டான். அவை மனைவி ப்ரென்னா இறந்த பிறகு சேர்ந்துகொண்டவை.

பழைய வண்டிகளை வாங்கிச் சீர்செய்து விற்பது அவர்கள் இருவரின் தொழில். தகரமும் எஞ்சினும் அவன் பொறுப்பு. இருக்கை, கூரைத்துணி, பெயிண்ட் எல்லாம் அவள். போன இலையுதிர் காலத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் ஒரு தானியக் கொட்டகையிலிருந்து பிக்கப் ஒன்றை இழுத்து வந்தார்கள். அதன் இருக்கை முழுக்க எலிக்கூடு. பட்டறையின் மறுபக்கத்தில் வேறொரு வண்டிக்குப் பெயிண்ட் அடித்துக் காயவிட்டிருந்தது. ஈரப் பெயிண்டில் தூசி படிந்துவிடக்கூடாது என்று ப்ரென்னா பிக்கப்பின் உள்ளே ஏறிக் கதவுகளைச் சாத்திக்கொண்டு கூட்டி அள்ளினாள். பெயிண்ட் கண்ணாடி மாதிரி வந்தது. சில வாரங்கள் கழித்து அவளுக்குத் தொடையும் இடுப்பும் வலித்தன. காய்ச்சல் வந்தது. பிறகு மூச்சு நின்றது.

வெள்ளை வயிற்றுச் சுண்டெலியின் எச்சம் காய்ந்து தூசியானால் அதில் ஒரு கிருமி இருக்கும் என்பது மொன்டானாவில் எல்லோருக்கும் தெரியும். சாலையில் மான் குறுக்கே வரும் என்று தெரிந்திருப்பது போலத் தெரியும். தெரிந்துகொண்டே வேகமாகத்தான் போவார்கள்.

அதன் பிறகு அவன் வண்டி எதுவும் வாங்கவில்லை. இதுதான் முதல் முறை. ஐம்பத்தொன்றாம் வருடத்து ஷெவர்லே பிக்கப். கேபினின் பின்மூலைகளிலும் வளைந்த கண்ணாடி வைத்தது. ஐந்து ஜன்னல் என்பார்கள். போஸ்மனில் ஒரு வாடிக்கையாளர் இரண்டு வருடமாக அதையே கேட்டுக்கொண்டிருந்தார். வாங்கினால் பட்டறையைத் திறக்கலாம். வாங்காவிட்டால் பட்டறையை விற்றுவிடலாம். அவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மஸல்ஷெல் ஆற்றைத் தாண்டி வடக்கே போனான். முந்தின நாள் மழை. மண்பாதை சக்கரத்தில் களியாக அப்பியது. வழியில் ஒரு வீடும் இல்லை. செல்போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போயின. வண்டியை விற்கிற லொவெல் ஸ்ட்ராண்டின் பண்ணை ஒரு பள்ளத்தில் இருந்தது. மேலிருந்து பார்க்கையில் வீட்டுப் புகைபோக்கியில் புகை. ஜூன் மாதத்தில் எதற்கு நெருப்பு மூட்டியிருக்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு வளைவில் கவனம் போயிற்று.

லொவெல் கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தார். அறுபது தாண்டிய ஆள். தொப்பியின் விளிம்பு வியர்வையில் கறுத்திருந்தது.

"போன்ல பேசினது நீதானா? குரலக் கேட்டுட்டு ஏதோ வயசான ஆளுன்னு நெனச்சேன்."

"நான்தான்."

"கொஞ்சம் தாராளமாத்தான் பேசேன் தம்பி. பேச்சுக்கெல்லாம் காசு வாங்க மாட்டேன். வண்டிக்கு மட்டும்தான்."

உள்ளே வண்டி நின்றது. பச்சை நிறம். மேலே தூசி கம்பளி போர்த்தியது போலப் படிந்திருந்தது. ஆண்டர்ஸ் கைநீட்டியதும் லொவெல் தடுத்தார்.

"தூசியத் தொடாத. அதுக்குத் தனி வெல. பக்கத்துப் பண்ணைக்காரன் சொன்னான், கொட்டகைல கெடந்த தூசியோட அப்படியே படம் புடிச்சுப் போட்டா டவுன்காரனுங்க நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவானுங்களாம். கழுவின வண்டிய விட கழுவாத வண்டிக்கு மவுசு. ஒலகம் எங்க போகுது பாரு."

"வருவானுங்க."

"நீயும் வந்துட்டியே."

ஆண்டர்ஸ் கம்பளத்தை விரித்து அடியில் படுத்தான். அடிச்சட்டம் நேராக இருந்தது. கேபின் மூலைகளில் காந்தத்தை வைத்தான். வலது மூலையில் ஒட்டியது. இடது மூலையில் வழுக்கி விழுந்தது. தகரம் அரித்துப் போய் யாரோ பூசி மெழுகியிருக்கிறார்கள்.

"இடது மூலை போயிருக்கு" என்றான் அடியிலிருந்தே.

"எனக்கு இடது முட்டியே போயிருக்கு. நான் நடக்கலையா?"

எழுந்து கையுறை போட்டு, முகமூடியை மாட்டினான். லொவெல் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன தம்பி, வண்டிய வாங்க வந்தியா, பேங்க்கக் கொள்ளையடிக்க வந்தியா?"

ஆண்டர்ஸ் கதவைத் திறந்தான். தெளிப்பானைத் தூக்கினவன் அப்படியே நின்றான்.

உள்ளே சுத்தமாக இருந்தது. இருக்கைத் துணியை உரித்து எடுத்து, ஸ்பிரிங்குகளைப் பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தார்கள். தரையில் ஒரு துரும்பு இல்லை. எலுமிச்சை சோப்பு வாசனை முகமூடியையும் மீறி வந்தது. வெளியே அறுபது வருடத் தூசி. உள்ளே நேற்றுக் குடிபுகுந்த வீடு.

"யார் சுத்தம் பண்ணினது?"

"மேரன். என் பொண்ணு. ஆகஸ்ட்ல கல்யாணம். சர்ச்சுலேர்ந்து இந்த வண்டியிலதான் போவேன்னு ஒத்தக்கால்ல நின்னா. அப்புறம் மாப்ளயும் அவளும் கணக்குப் பாத்துட்டு, வண்டிய வித்தா வீட்டுக்குக் கூரை போட்டுடலாம்னாங்க. காதலு கூரை வரைக்கும்தான்."

"எலிக்கூடு இருந்துதா?"

"இருந்துதாவா? வாளி வாளியா அள்ளினா. இருக்கைக்குள்ள, ஹீட்டர் பெட்டிக்குள்ள, எங்க பாத்தாலும். குடும்பம் குடும்பமா வாழ்ந்திருக்கு. வாடகை வாங்காம விட்டுட்டேன்."

"எப்படி அள்ளினாங்க?"

"எப்படின்னா? தொடப்பம், முறம். வேற எப்படி?" லொவெல் பெருமையோடு சொன்னார். "புத்திசாலிப் பொண்ணு. கதவு, கண்ணாடி எல்லாத்தையும் ஏத்தி மூடிக்கிட்டு உள்ள உக்காந்தே வேலை செஞ்சா. ஏன் சொல்லு? உள்தூசி பறந்து வெளியில படிஞ்சா வெளித்தூசியோட அழகு கெட்டுடுமே! வெளிய வரும்போது மாவு மில்லுல வேலை செஞ்சவ மாதிரி இருந்தா."

ஆண்டர்ஸ் கதவை மெதுவாகச் சாத்தினான். முகமூடியைக் கழற்றினான்.

"இது எப்போ?"

"கன்னுக்குட்டிங்களுக்கெல்லாம் சூடு போட்டு முடிச்சோம்ல, அதுக்கு அடுத்தாப்ல."

கன்றுகளுக்குச் சூடு போடுவது மே மாதத்தில். ஆண்டர்ஸ் விரல்விட்டு எண்ணவில்லை. எண்ணத் தேவையிருக்கவில்லை.

"இப்போ அவங்க எங்கே?"

"உள்ள படுத்திருக்கா. இடுப்பு வலியாம், தொடை வலியாம். வேலிக்கம்பம் நட்டா, அதான். என் வயசுல இருக்க வேண்டிய வலியெல்லாம் அவ எடுத்துக்கிட்டா. நல்ல பொண்ணு."

"காய்ச்சல் இருக்கா?"

"குளிருதுன்னா. அடுப்பு மூட்டிக் குடுத்தேன்."

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

லொவெல் சிரிப்பை நிறுத்தவில்லை. ஆனால் கண் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து அவனை ஒருமுறை அளந்தார். சந்தையில் மாடு பிடிக்க வந்தவனை அளப்பது போல.

"ஏன்?"

"அந்த எலித்தூசில கிருமி இருக்கும். மூச்சுல போனா நுரையீரலுக்குப் போகும். முதல்ல தொடை, இடுப்புதான் வலிக்கும். உங்களுக்குத் தெரிஞ்சதுதான்."

"தெரியும், தெரியும். எங்க தாத்தன் காலத்துலேர்ந்து எலிப்புழுக்கையோடதான் ரொட்டி சாப்பிடுறோம்." தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். "தம்பி, இந்தக் கொட்டகைக்கு எத்தன பேரு வந்திருக்கான் தெரியுமா? ஒருத்தன் சட்டம் வளஞ்சிருக்குன்னான். ஒருத்தன் எஞ்சின் வெடிச்சிருக்குன்னான். வண்டிக்கு நோய் வந்திருக்குன்னு சொன்ன மொத ஆளு நீதான். நல்லா இருக்கு. ரசிச்சேன். வெலைல ஒரு நூறு கொறச்சுக்கோ."

"விலைக்காகச் சொல்லல."

"எல்லாவனும் வெலைக்காகத்தான் சொல்றான். நான் மாடு விக்கிறவன். எனக்கா?"

அவர் சொன்னதில் தப்பில்லை என்று ஆண்டர்ஸுக்குத் தெரிந்தது. இந்த வியாபாரத்தில் வாங்குகிறவன் வண்டியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டான். அவனே எத்தனையோ கொட்டகைகளில் நின்று, மனதுக்குள் ஆசையை அடக்கிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கியிருக்கிறான். ப்ரென்னா அதில் கெட்டிக்காரி. வண்டியைச் சுற்றி வந்து பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சுக்கே விலை இறங்கும்.

"சரி" என்றான். "நீங்க கேட்ட விலைய அப்படியே தர்றேன். பணம் கார்ல இருக்கு. வண்டிய நான் வாங்கியாச்சு. இப்போ அவங்களக் கூட்டிட்டுக் கிளம்புங்க."

சொன்ன பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. லொவெலின் முகத்திலிருந்த கேலி துடைத்தாற்போல் போய்விட்டது. அவர் திரும்பி வண்டியைப் பார்த்தார். முதல் முறையாக அதைப் பார்ப்பவர் போல முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை பார்த்தார். முன்மூடியைத் தூக்கி உள்ளே குனிந்தார்.

"என்ன இருக்கு இதுல?"

"ஒண்ணும் இல்ல."

"இடது மூலை போச்சுன்ன. நோய் இருக்குன்ன. இப்போ முழு வெல தர்றேங்கற. முழு வெல குடுத்தவன நான் பொறந்ததுலேர்ந்து பாத்ததில்ல." எஞ்சின் பக்கவாட்டில் அடித்திருந்த எண்ணைக் கட்டைவிரலால் துடைத்தார். "அபூர்வமான எஞ்சினா? இல்ல, இந்த மாதிரி கொஞ்சம்தான் செஞ்சானா? சொல்லிடு. கோவிச்சுக்க மாட்டேன். என் பொண்ணோட கூரை தம்பி இது."

"ஐயா, உங்க பொண்ணப் பத்தித்தான் பேசறேன்."

"நானும் அதத்தான் பேசறேன். வண்டி இன்னிக்கு விக்கிறதுக்கில்ல. வேற ஆளக் கூட்டிட்டு வந்து காட்டிட்டுச் சொல்றேன்."

கொட்டகையின் தகரக்கூரை வெயிலில் விரிந்து டப்பென்று ஒலித்தது. எங்கோ மூலையில், வைக்கோலுக்குள், ஏதோ சிறியதாக ஓடி நின்றது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஆண்டர்ஸ் கையுறைகளைக் கழற்றினான். "எனக்கு வண்டி வேண்டாம். இன்னிக்கும் வேண்டாம், என்னிக்கும் வேண்டாம். யாருக்கு வேணா வித்துக்கோங்க. நான் இங்க திரும்ப வரவே மாட்டேன். அவங்களை மட்டும் கூட்டிட்டுப் போங்க."

கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே நடந்தான். பின்னாலேயே லொவெலின் சிரிப்பு வந்தது. நிம்மதியான சிரிப்பு. வழக்கமான இடத்துக்கு வியாபாரம் திரும்பிவிட்டது என்கிற சிரிப்பு.

"நட, நட. கேட் வரைக்கும் போ. எங்கப்பாவும் பேரம் படியலன்னா அப்படித்தான் போவாரு. கேட்ல நின்னு பூட்ஸ்ல மண்ணு தட்டுவாரு. காபி போட்டு வைக்கிறேன்!"

ஆண்டர்ஸ் காரின் பக்கத்தில் போய் நின்றான். சாவி கையில் இருந்தது. இந்த ஆளிடம் சொல்ல இனி ஒரு வார்த்தையும் மிச்சமில்லை. குறை சொன்னால் பேரம். ஒத்துக்கொண்டால் சூது. விட்டுவிட்டுப் போனால் அதுவும் பேரம்.

வீட்டின் வலைக்கதவு கிறீச்சிட்டது. ஒரு பெண் வெளியே வந்தாள். தோளில் கம்பளி. இருபத்தைந்து வயதிருக்கும். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தாள்.

"அப்பா... என்ன சத்தம்? வந்தவர... அதுக்குள்ள ஓட்டி விட்டுட்டியா?"

"ஓடல. நடிக்கிறாரு" என்றார் லொவெல் கொட்டகை வாசலிலிருந்து. "உனக்கு உடம்பு சரியில்லன்னு என்னவிட அவருக்குத்தான் கவலை."

மேரன் ஆண்டர்ஸைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். "உள்ள பாத்தீங்களா? நான்தான்... சுத்தம் பண்ணினேன். அதுக்குத் தனியா... காசு."

"பாத்தேன்" என்றான். "எப்போலேர்ந்து மூச்சு வாங்குது?"

"இப்பத்தான். காலைலேர்ந்து. படுக்கையிலிருந்து... எழுந்து வந்தேன்ல."

"என் பொண்டாட்டியும் இதே மாதிரி ஒரு வண்டிய உள்ள உக்காந்து கூட்டினா" என்றான் ஆண்டர்ஸ். குரல் உயரவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னான். "கதவ மூடிக்கிட்டு. ஒங்கள மாதிரியே."

"இப்போ எப்படி இருக்காங்க?"

அவன் முகமூடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். அவள் அவன் கையிலிருந்த முகமூடியைப் பார்த்தாள். பிறகு கொட்டகையைப் பார்த்தாள். அடுத்த படியில் இறங்கினாள். அதற்கடுத்த படியில் இறங்கவில்லை. தூணில் சாய்ந்து நின்றாள்.

"மேரன், உள்ள போம்மா" என்றபடி லொவெல் நடந்து வந்தார். "சளிதான். இவரு போகட்டும். காபி—"

பாதி முற்றத்தில் நின்றுவிட்டார்.

அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பளி விலகிய இடத்தில், சட்டைக்குள், விலா உள்வாங்கி வெளித்தள்ளியது. குட்டை குட்டையாக, அவசரமாக. பிறகு மூக்குத் துளைகளைப் பார்த்தார். பிறகு உதட்டு நிறத்தை. ஒவ்வொரு வசந்தத்திலும் பனியில் பிறந்த கன்றுகளை அவர் பார்க்கிற வரிசை அது. எது பிழைக்கும், எதைத் தாயிடமிருந்து பிரித்து உள்ளே தூக்கி வர வேண்டும், எதற்கு நேரம் கடந்துவிட்டது என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். அதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினோம் என்று தெரியாமல் மறுபடி வைத்துக்கொண்டார்.

"ஆம்புலன்ஸ்..."

"அது இங்க வந்து சேர்றதுக்குள்ள பாதி தூரம் போயிடலாம். என் கார் திரும்பித்தான் நிக்குது. நீங்க உள்ள போய் பில்லிங்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, எலித்தூசின்னு சொல்லுங்க. அந்த வார்த்தைய மொதல்ல சொல்லுங்க."

லொவெல் உள்ளே ஓடினார். அந்த முட்டியோடு ஓடினார்.

மேரனை முன்சீட்டில் உட்கார வைத்தான். லொவெல் திரும்பி வந்து பின்னால் ஏறிக்கொண்டார். பிறர் ஓட்டும் காரில், அதுவும் பின்சீட்டில், அவர் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருக்க வேண்டும். பெல்ட்டைத் தேடிக் கை அலைந்தது. கொட்டகைக் கதவு திறந்தே கிடந்தது. அதைச் சாத்தும்படி யாரும் சொல்லவில்லை.

களிமண்ணில் கார் இருபக்கமும் இழுத்தது. மேட்டில் ஏறினதும் தூரத்தில் வடமேற்கே மேகம் கட்டியிருந்தது தெரிந்தது. மேரன் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு ஹீட்டரைப் போடச் சொன்னாள். போட்டான். ஆண்டர்ஸுக்கு வியர்த்தது. அவள் பல் தந்தியடித்தது.

"அவ்ளோ சீரியஸா இருந்தா" என்றார் லொவெல் பின்னாலிருந்து, "டாக்டருங்க மருந்து குடுத்துடுவாங்க இல்ல?"

"மருந்து இல்ல. மெஷின் வெச்சு மூச்சு விட வைப்பாங்க. சீக்கிரம் போனவங்க நெறைய பேரு பொழச்சிருக்காங்க."

"சீக்கிரம்னா?"

ஆண்டர்ஸ் வேகத்தைக் கூட்டினான். கண்ணாடியில் லொவெலின் கை தெரிந்தது. முன்சீட்டின் மேல் வழியாக நீண்டு, மகளின் தோளில் படாமல், தோளுக்கு மேலே நின்றது.

தார்ச்சாலை வந்தது. மஸல்ஷெல் பாலத்தைத் தாண்டினார்கள். மேரன் கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தான். அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"நீங்க அவங்கள... சீக்கிரமா கூட்டிட்டுப் போனீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

அவன் ஒரு லாரியை முந்தினான். நேர்கோட்டுக்கு வந்த பிறகு சொன்னான்.

"கெளம்பலாம்னு சாவிய எடுத்தேன். அவ வேண்டாம்னா."

"என்ன சொன்னாங்க?"

இறுதிச் சடங்கன்று சர்ச்சில் பாதிரியார் ஏதோ சொன்னார். ப்ரென்னா கடைசியில் அமைதியாகக் கடவுள் பெயரைச் சொன்னதாக. அவளுடைய அம்மா வேறொன்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆண்டர்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாளாம். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அவன் யாரையும் திருத்தவில்லை. ஹெலிகாப்டரில் ஏற்றும்போது முகத்தில் குழாய் இருந்தது. அதற்கு முன்னால் வீட்டில், மூச்சைத் தவிர எதற்கும் அவளிடம் தெம்பில்லை. பேச்சு என்று இருந்தது அதற்கும் முந்தைய இரவில்தான். படுக்கையறை வாசலில் அவன் கோட் மாட்டிக்கொண்டு நின்றான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவனைப் பார்க்கக்கூட இல்லை. கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னாள்.

பின்சீட்டில் லொவெல் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பது தெரிந்தது. ஆண்டர்ஸ் சாலையைப் பார்த்தபடி அதை உள்ளது உள்ளபடி சொன்னான்.

"லைட்ட அணைச்சிட்டு வந்து படு. காலைல பாத்துக்கலாம்."